துயரமும் கணக்கும்: மாணவர் எடுக்கும் சமூக யதார்த்தக் குறும்படம்

(கசார்வாடியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



நம் பிள்ளைகள் பலர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். அதற்கு இந்த ஊரும் ஒரு காரணம். 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் திரைப்படக் கல்லூரி தொடங்கப்பட்டதும், 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததும் இதே புனேயில்தான். ரித்விக் கட்டக் 1965 வாக்கில் அந்தக் கல்லூரியில் பாடம் சொன்னார். அவரிடம் படித்த ஜான் ஆபிரகாம் தமிழுக்கு வந்து 1977இல் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார். அதே கல்லூரியில் படித்த கே. ஹரிஹரன் 1982இல் 'ஏழாவது மனிதன்' தந்தார். தமிழில் மாற்றுப்படம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்பவற்றில் ஒரு பங்கு புனேயில் விளைந்தது.

அந்தக் கல்லூரிக்கும் கசார்வாடிக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் இங்குள்ள வாழ்க்கை திரையில் வந்தது குறைவு. லோனாவாலா லோக்கல் நிற்கிற நிலையம், பழைய மும்பை நெடுஞ்சாலை, நாசிக் பாட்டா மேம்பாலம், 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலை நிறைய மனிதர்கள். மராட்டியும் இந்தியும் தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் பேசப்படுகிற ஊர் இது. சமூக யதார்த்தப் படம் எடுக்க விரும்பும் மாணவர் கதை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு மனிதரின் துயரம் எந்தக் கணக்கினால் உண்டாகிறதோ, அந்தக் கணக்கைப் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியவைக்கும் படமே சமூக யதார்த்தப் படம். கூலி எவ்வளவு, யார் தருகிறார், எத்தனை மணிக்கு எழ வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த விதி அவரைத் தடுக்கிறது, அந்த விதியை எழுதியவர் யார் என்பவற்றையெல்லாம் சேர்த்துத்தான் கணக்கு என்கிறேன். மாணவர் படத்தை எடுக்கும்போதும் இதுவே வழி. மதிப்பெண் போடும்போதும் இதுவே அளவுகோல்.

1. ஒரு மாணவர் படத்திலிருந்து தொடங்குவோம்

சோலாப்பூர் மாவட்டம் ஜேவூரில், கல் உடைக்கும் தொழிலைச் செய்துவந்த வடார் சமூகத்தில் பிறந்தவர் நாக்ராஜ் மஞ்சுளே. புனே பல்கலைக்கழகத்தில் மராட்டி இலக்கியம் படித்தார். பிறகு அஹ்மத்நகரில் ஒரு கல்லூரியில் தகவல்தொடர்பியல் முதுகலை படித்தபோது, பாடத்தின் பகுதியாக ஒரு குறும்படம் எடுத்தார். 2009இல் வந்த அந்தப் படம் 'பிஸ்துல்யா'. பார்தி சமூகத்துச் சிறுவன் ஒருவன் பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான். வீட்டு நிலைமை அவனைத் திருடத் தள்ளுகிறது. முழுநீளக் கதைப்படம் அல்லாத பிரிவில், சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சிறுவனாக நடித்த சூரஜ் பவாரைப் பின்னால் 'சைராட்'டிலும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையை வேறொரு மாணவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஏழைச் சிறுவன், பசி, திருட்டு, கண்ணீர், பின்னணியில் வயலின். பார்த்தவர்கள் 'பாவம்' என்பார்கள். அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சிறுவன் பார்தி என்பது தெரிந்ததும் கதை வேறாகிறது. 1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்ட சமூகங்களில் பார்திகளும் உண்டு. பிறப்பையே குற்றமாக எழுதிவைத்த சட்டம் அது.

தமிழர்களாகிய நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அதே சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். 1952இல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அது மனிதர்கள் மீது போட்ட பெயர் நீங்கவில்லை. ஆகவே அந்தச் சிறுவன் திருடுவதற்கு நெடுங்காலம் முன்பே அவனைத் திருடன் என்று ஊர் எழுதிவைத்துவிட்டது. இதை அறிந்தவர் எடுக்கும் படத்துக்கும் அறியாதவர் எடுக்கும் படத்துக்கும் காமிராவை வைக்கிற இடமே மாறும்.

மஞ்சுளேயின் இந்தப் பார்வை நான்கு ஆண்டுகளில் எப்படி முதிர்ந்தது என்பதை 'ஃபன்ட்ரி'யில் காணலாம். 2013இல் வந்த படம். ஊர்க்காரர்கள் கட்டளைப்படி பன்றி பிடிக்க ஜப்யா என்ற சிறுவனின் குடும்பம் பள்ளிக்கூடத்துக்கு அருகே துரத்திக்கொண்டு ஓடுகிறது. உடன் படிக்கும் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று ஜப்யா கூனிக்குறுகிப் போகிறான். பன்றி கைக்கு எட்டுகிற நேரத்தில் பள்ளியில் தேசியகீதம் ஒலிக்கிறது. ஜப்யா அசையாமல் நிற்கிறான். அவன் அப்பாவும் நிற்கிறார், எல்லாரும் நிற்கிறார்கள். பன்றி அவர்கள் கண்ணெதிரே நடந்துபோகிறது. யாரும் அழவில்லை, ஒரு வசனம் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு நாடு என்ன தந்தது, அவர்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறது என்பது அந்த ஒரு காட்சியில் வந்துவிடுகிறது. மாணவர்களுக்கு நான் பாடம் நடத்தும்போது வேறு எந்தக் காட்சியையும்விட இதைத்தான் அதிகம் போட்டுக் காட்டுகிறேன்.

இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948இல் செய்ததும் இதுதான். சைக்கிளை மீட்பதற்காக நாயகனின் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைப் பணியாளர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அடுக்கில் ஏறுகிறார். மேலே, மேலே, கூரை வரைக்கும் அதுபோன்ற மூட்டைகள். ஒரு வீட்டின் வறுமை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நகரத்தின் வறுமை என்று அந்த அடுக்கு சொல்லிவிடுகிறது.

2. காமிராவுக்கு முன்னால் நோட்டுப் புத்தகம்

இந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலை வாசலில் இரவுக் காவல் பார்ப்பவரைப் பற்றி என் மாணவர்கள் சிலர் ஒரு படம் எடுத்தார்கள். மராத்வாடாவிலிருந்து பிழைக்க வந்த மனிதர். முதல் வடிவம் ஏழு நிமிடம். மஞ்சள் விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, அவர் முகம், தூரத்தில் ரயில் சத்தம், ஊரிலிருக்கும் மகளோடு ஃபோனில் பேச்சு, கொஞ்சம் இசை. ஒளிப்பதிவு அழகாகத்தான் இருந்தது. படம் முடிந்ததும் நான் கேட்டேன்: "காலையில் இவரை மாற்றிவிட வருபவர் யார்?" அவர்களுக்குத் தெரியவில்லை. காமிரா இல்லாமல் நோட்டுப் புத்தகத்தோடு மறுபடி போகச் சொன்னேன்.

ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார்கள். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம் வேலை. சம்பளம் தருவது தொழிற்சாலை இல்லை, இடையில் ஓர் ஏஜென்சி. சீருடைக்கும் ஷூவுக்கும் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம். மாற்று ஆள் வராமல் அவர் இடத்தை விட்டுப் போகக் கூடாது. மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தையும் அவரே பார்க்க வேண்டும். டபுள் டியூட்டி. அதற்குப் பணம் உண்டு, ஆனால் மாதக் கடைசியில்தான். அதுவும் மேற்பார்வையாளர் பதிவேட்டில் குறித்திருந்தால்.

படத்தின் இரண்டாம் வடிவம் காலை ஏழு ஐம்பதில் தொடங்கியது. அவர் முகம் கழுவுகிறார், டிபன் டப்பாவைப் பையில் வைக்கிறார், சீருடைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுகிறார். எட்டு மணி. பகல் ஷிஃப்ட் தொழிலாளர்கள் கார்டு தட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். எட்டேகாலுக்குச் சாலையைப் பார்க்கிறார். எட்டரைக்கு மேற்பார்வையாளருக்கு ஃபோன் செய்கிறார். மறுமுனைக் குரல் நமக்குக் கேட்பதில்லை, இவர் "ஜீ சார், ஜீ சார்" என்பது மட்டும் கேட்கிறது. பிறகு கழற்றிய பட்டனை மறுபடி போட்டுக்கொள்கிறார். படம் முடிந்தது. அந்தப் பட்டனை எந்தத் திரைக்கதை வகுப்பும் கற்றுத்தந்திருக்க முடியாது. பதிவேடு, மாற்று ஆள், ஏஜென்சி என்ற கணக்கை விசாரித்ததால்தான் அது கிடைத்தது. ஏழு நிமிடப் படம் ஐந்து நிமிடமானது. இசையும் போயிற்று, மகளோடு பேசும் ஃபோனும் போயிற்று. எதையும் நான் வெட்டச் சொல்லவில்லை. தேவை இல்லாமல் போனதை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

குப்பை பொறுக்கும் பெண்களைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது படம் எடுக்கிறார்கள். புனேயில் 1993இலேயே இவர்களுக்குத் தொழிற்சங்கம் வந்துவிட்டது, 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்று பெயர். காகிதம், கண்ணாடி, தகரம் எனப் பிரிக்கும் வேலையே சங்கத்தின் பெயராகிவிட்டது. 2008இல் அதன் வழியே 'ஸ்வச்ச' கூட்டுறவும் அமைந்தது. ஆனால் மாணவர் படங்களில் அந்தப் பெண் குப்பைமேட்டில் குனிந்து நிற்பதோடு காட்சி முடிந்துவிடுகிறது. அவர் பழைய பொருள் கடைக்குப் போகும் காட்சி வருவதில்லை. தராசு வருவதில்லை. மழைக்காலத்தில் நனைந்த காகிதத்துக்கு எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெண் ஏன் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பது அப்போது புரியும்.

3. ஒலியும் பேச்சும்

மாணவர்கள் படத்தைப் பார்க்க எடுத்துக்கொள்ளும் அக்கறையில் கால்பங்கைக் கேட்பதற்கு எடுத்துக்கொள்வதில்லை. இதே திரைப்படக் கல்லூரியில் படித்த காலத்தில் உமேஷ் குல்கர்ணி எடுத்து தேசிய விருது பெற்ற 'கிர்ணி' என்ற குறும்படம் இதற்கு நல்ல பாடம். பிழைப்புக்காக மாவரைக்கும் இயந்திரம் ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வீட்டில் சிறுவன் ஒருவன் இருக்கிறான். வருமானம் தருகிற பொருளே அவன் பிள்ளைப்பருவத்தைப் பிடுங்குகிறது என்பதை அந்த இரைச்சலால் உணர்கிறோம்.

கசார்வாடியில் படம் எடுப்பவருக்கு ரயிலும் நெடுஞ்சாலையும் தொல்லை என்று தோன்றும். ரயில் போகும்வரை காத்திருந்து 'டேக்' எடுப்பார்கள். நான் சொல்வது, ரயிலை விட்டுவிடாதீர்கள். தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் பேச்சு நடுவில் நிற்கும், ரயில் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். அங்கே வாழ்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அதற்குத் தனி மைக் வேண்டும். ஃபோன் மைக்கை நம்பி எடுத்தால் ரயிலும் கேட்காது, பேச்சும் கேட்காது. கையில் உள்ள பணத்தில் முதல் செலவு ஒலிக்கு, லென்ஸ் பிறகு.

பேச்சைப் பொறுத்தவரை, இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வாசலில் மராட்டியும் வேலையிடத்தில் இந்தியும் பேசுகிறார்கள். அம்மாவிடம் பேசும் வாக்கியத்திலேயே மூன்றும் வரும். அதை அப்படியே விடுங்கள். சென்னையில் யாருக்கோ புரிய வேண்டும் என்று அதைச் சினிமாத் தமிழாக மாற்றினால், பேசுபவர் கசார்வாடியிலிருந்து மறைந்துவிடுவார். துணைத் தலைப்பு எதற்கு இருக்கிறது?

4. நடிப்பவருக்கு அன்றைய கூலி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். 'பைசைக்கிள் தீவ்ஸ்' நாயகனாக நடித்த லம்பெர்ட்டோ மாஜ்ஜொரானி தொழில்முறை நடிகர் இல்லை, ஆலைத் தொழிலாளி. உலகம் முழுவதும் அவர் முகத்தைத் தெரிந்துகொண்டது. படத்துக்குப் பின் அவர் ஆலை வேலையை இழந்தார். நம் மாணவர் படத்தில் தோன்றும் காவலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கும் இதுபோன்ற ஆபத்து உண்டு. ஏஜென்சிக்காரர் அந்தப் படத்தை யூடியூபில் பார்க்கக்கூடும்.

காவலாளிப் படத்தில் என் மாணவர்கள் அதனால்தான் உண்மையான வாசலில் எடுக்கவில்லை. நண்பர் ஒருவரின் பட்டறை வாசலில், வேறொருவரை நடிக்கவைத்தார்கள். உண்மையான காவலாளி கூடவே நின்று, பதிவேட்டைப் பிடிக்கும் விதத்தைத் திருத்திச் சொன்னார். அவர் வந்த இரண்டு நாளுக்கும் நாட்கூலி கொடுக்கப்பட்டது. மாணவர் படம்தானே, இலவசமாக வந்து நிற்கட்டும் என்று நினைப்பவர் கூலியைப் பற்றி எப்படிப் படம் எடுப்பார்?

5. மதிப்பீடு

தமிழில் குறும்படத்துக்குப் பெரிய அலை வந்தது 2009இல், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியோடு. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் என்று பலர் அங்கிருந்து வந்தார்கள். தமிழ்ச் சினிமாவுக்கு அது நன்மையே. ஆனால் குறும்படம் என்றால் தயாரிப்பாளருக்குக் காட்டும் அறிமுகச் சீட்டு என்ற எண்ணமும் கூடவே ஊன்றிவிட்டது. கடைசித் திருப்பம், வேகம், சிரிப்பு, தொழில்நுட்பச் சுத்தம் என அந்த அளவுகோலையே எல்லாக் கல்லூரிப் போட்டிகளிலும் வைத்துவிட்டார்கள். காவலாளி பட்டனைப் போட்டுக்கொள்ளும் படத்தை அந்த அளவுகோலால் அளந்தால் 'கதை இல்லை' என்று எழுதுவார்கள். ஒரு போட்டியில் எழுதியும் விட்டார்கள்.

புனேத் திரைப்படக் கல்லூரியில் சதீஷ் பகதூர் என்ற பேராசிரியர் இருந்தார். திரைப்பட ரசனையை இந்தியாவில் ஒரு பாடமாக ஆக்கியவர்களில் முதன்மையானவர். 'பதேர் பாஞ்சாலி'யைக் காட்சி காட்சியாக, ஷாட் ஷாட்டாகப் பிரித்து நடத்துவார். பிடித்திருக்கிறதா, கண்ணீர் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால் இந்த ஷாட் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அவர் தலைமுறை தலைமுறையாக விதைத்தார். மாணவர் படத்தை மதிப்பிடுவோருக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

இங்கிலாந்துப் பள்ளிகளில் ஊடகப் பாடத்தில் படம் எடுத்த மாணவரே தம் படத்தைப் பற்றி ஒரு மதிப்பீடு எழுதித் தரும் வழக்கம் இருந்தது. அந்த நாட்டில் சமூக யதார்த்தத்துக்கு நீண்ட மரபு உண்டு. கென் லோச் எடுத்து 1966இல் பிபிசி ஒளிபரப்பிய 'கேத்தி கம் ஹோம்', வீடிழந்த ஒரு குடும்பத்தின் கதைக்கு நடுவே வீட்டுவசதி பற்றிய எண்ணிக்கைகளைக் குரலாகவே ஒலிக்கவிட்டது. மாணவரே எழுதும் மதிப்பீட்டை நாமும் கொண்டுவர வேண்டும். ஆனால் 'எந்த மென்பொருள் பயன்படுத்தினேன், எந்த இயக்குநர் பாதித்தார்' என்று எழுதும் பக்கங்களால் பயன் குறைவு. நான் கேட்பது வேறு: படத்துக்கு முன் இந்த வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்திருந்தாய், விசாரித்தபின் அதில் எது தவறு என்று தெரிந்தது, அந்தத் திருத்தம் படத்தில் எந்த ஷாட்டாக வந்திருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விரல் வைத்துக் காட்ட முடிந்தவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.

நூறு மதிப்பெண் என்றால் நாற்பதைக் கணக்குக்கு வைப்பேன். அதாவது கூலி, நேரம், விதி ஆகியவை படத்துக்குள் தெரிகின்றனவா, தெரிவதும் உண்மைதானா என்பதற்கு. இருபது ஒலிக்கு. இருபது படத்தொகுப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் சேர்த்து. இதைக் கேட்டு ஒளிப்பதிவு மாணவர்கள் வருந்த வேண்டாம், நல்ல ஒளிப்பதிவு முதல் நாற்பதிலேயே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மீதி இருபது யாருக்கு முதலில் போட்டுக் காட்டினார்கள் என்பதற்கு. யாரைப் பற்றி எடுத்தார்களோ அவருக்கு, அவர் வீட்டிலோ வேலை முடிந்த இடத்திலோ, நடுவர்களுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பதை, பிடிக்காததைச் சொல்லியிருந்தாலும், எழுதித் தர வேண்டும்.

காவலாளி அந்த ஐந்து நிமிடப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடம் இடதுபக்கம், வலதுபக்கம் இல்லை என்பது. அதைச் சொல்லிவிட்டு, இதை மேற்பார்வையாளரின் மேற்பார்வையாளர் பார்ப்பாரா என்று கேட்டார். மாணவர்கள் அந்தக் கேள்வியைத் தங்கள் மதிப்பீட்டின் முதல் வரியாக எழுதினார்கள்.

அறக்கட்டளையாருக்கு என் கோரிக்கை இது. இனி நீங்கள் குறும்படத்துக்குப் பரிசு வைப்பதாக இருந்தால் கோப்பையோடு நிறுத்திவிடாதீர்கள். பரிசுத் தொகையில் ஒரு பகுதியைப் படம் எடுக்கும் முன்பே, ஒரு மாத விசாரணைச் செலவுக்கும் நடிப்பவர் கூலிக்குமாகக் கொடுங்கள். நடுவர் குழுவில் திரைப்படம் தெரிந்த இருவரோடு, இந்தப் பகுதியில் இருபது ஆண்டு வேலை பார்த்த தொழிலாளி ஒருவரையும் உட்காரவையுங்கள். முதல் நாற்பது மதிப்பெண்ணை அவர் போடட்டும்.